பால் ஊற்றி அனுப்பிய பாம்பு

பெண் வீட்டுக் கல்யாணச் சாமான்கள் வந்து இறங்கிய அன்று, என் மாமியார் சொனுன்பூ ஒவ்வொரு மெத்தையாகத் தடவிப் பார்த்து, பஞ்சு நல்லது, பஞ்சு மட்டம் என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு பெட்டியை மட்டும் என் கொழுந்தன் எசென் யாரையும் தொடவிடாமல் தானே தூக்கிக்கொண்டு அறைக்குள் ஓடினான். முகமெல்லாம் வியர்வை.

"அதுல என்னடா?" என்றார் மாமியார்.

"புத்தகம்மா."

புத்தகத்தைக் கண்டாலே கொட்டாவி விடுகிறவன் சொன்ன பதில் அது. எனக்கு அப்போதே சந்தேகம். மாமியாருக்கோ மகன் சொன்னால் வேதவாக்கு.

அடுத்த வாரம், புது ஓரகத்தி பர்சினைத் தேநீருக்குக் கூப்பிடப் போனேன். கதவைத் திறந்தால், அவள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள், மடியில் ஒரு பாம்பு. கத்துவதற்கு வாயைத் திறந்தேன்.

"கத்தாதீங்கக்கா. அது பயந்துக்கும்."

"அது பயந்துக்குமா? அப்ப நான் என்ன கல்லா?"

"காலத் தரையில உதைக்காம வாங்க. நீங்க போடற சத்தத்தவிட உங்க காலடி அதிர்வுதான் அதுக்கு நல்லாத் தெரியும்."

நான் உதைக்கவில்லை. உதைக்கக் காலில் உயிர் இருந்தால்தானே.

அதன் பெயர் ஜிபெக். எங்கள் பேச்சில் பட்டு என்று அர்த்தம். சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். கழுத்திலிருந்து வால்வரை நீளநீளமாக நாலு கோடு. கோடுகளுக்கு நடுவே முதுகில் கரும்புள்ளிகள். நல்ல கைவேலைக்காரி ஒருத்தி கம்பளத்துக்குப் பூ போட்டது போல இருந்தது. மாட்டுத் தொழுவங்களிலும் ஏரிக்கரைப் புதர்களிலும் திரிகிற, விஷமில்லாத சாதிதான். நானே எத்தனையோ முறை பார்த்து ஓடியிருக்கிறேன். ஓடுகிறபோது புள்ளியெல்லாம் எங்கே கண்ணுக்குத் தெரிகிறது!

பர்சின் மாவட்டத் தலைநகரில் கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள். அவள் அப்பா வீட்டு எருக்குப்பையைக் கிளறும்போது பாம்பு முட்டைகள் மண்வெட்டியில் மாட்டி நசுங்கிப்போக, தப்பிய ஒன்றை எடுத்துவந்து ஈரமணலில் வைத்துப் பொரிக்க வைத்தாளாம். கோழி முட்டையைத் திருப்பி வைக்கிற மாதிரி பாம்பு முட்டையைத் திருப்பக் கூடாதாம். எந்தப் பக்கம் கிடந்ததோ அந்தப் பக்கமே கிடக்க வேண்டுமாம். திருப்பினால் உள்ளே குஞ்சு செத்துவிடும் என்றாள். "பொண்ணு பாக்க வந்தப்பவே இவருகிட்ட சொல்லிட்டேன். நான் வந்தா ஜிபெக்கும் வரும்னு."

"அவன் என்ன சொன்னான்?"

"தண்ணி குடிச்சாரு."

அன்றிலிருந்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. மாமியார் கோழிகளை அடைக்கப் போகும் நேரம் பார்த்து, நான் பர்சின் அறைக்குள் நுழைந்துவிடுவேன். என் கணவர் ரஷ்யாவில் கட்டிட வேலைக்குப் போயிருந்தார். தொலைக்காட்சி எனக்குப் பிடிக்காது. ஜிபெக் பிடித்தது. உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம், மிகவும் பிடித்தது.

அது சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். செத்த எலியை இடுக்கியில் பிடித்து பர்சின் நீட்டுவாள். நாக்கு வெளியே வந்து வந்து போகும். மோப்பம் பிடிப்பதே அந்த நாக்கால்தான். பிறகு ஒரே பாய்ச்சல், ஒரே சுருட்டல். செத்ததையே இறுக்கிக் கொன்றுவிட்டு, சாவகாசமாகத் தலையைத் தேடும். கீழ்த்தாடை நடுவில் ஒட்டாததால் இடப்பக்கம் ஓர் அடி, வலப்பக்கம் ஓர் அடி என்று வாயே எலிமேல் நடந்து போகும். வாய் நிறைய எலி இருந்தாலும் மூச்சுக்குழலை முன்னால் தள்ளி மூச்சு வாங்கிக்கொள்ளும். கையில்லாமல், காலில்லாமல், சிந்தாமல், சிதறாமல்! எசென் நூடுல்ஸ் சாப்பிட்ட இடத்தைத் துடைக்கிறவள் நான். எனக்குத்தான் அதன் அருமை தெரியும்.

எலி பிடித்துக்கொடுப்பது எசென் வேலை. ஒருநாள் எலியைத் தொட்ட கையைக் கழுவாமல் பெட்டிக்குள் விட்டான். எலி வாசனை வந்த இடத்தில் ஜிபெக் கடித்தது. முள் கீறியது போல ரத்தம் துளிர்த்ததற்கு அவன் போட்ட கூச்சல் இருக்கிறதே! "வேலியில கிழிச்சுக்கிட்டேம்மா" என்று மாமியாரிடம் இன்னொரு பொய். அதன்பின் அந்தப் பெட்டிப் பக்கம் போவதென்றால் ஒரு காலை வாசலிலேயே வைத்துக்கொள்வான்.

பெட்டியில் ஒரு பக்கம் சூடான பல்பு, மறுபக்கம் குளிர்ச்சி. பாம்புக்குத் தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ளத் தெரியாது. வேண்டும்போது சூட்டுக்கு வரும், போதும் என்றால் விலகும். மூலையில் ஒரு சின்ன மரக்கூடு. ஜிபெக் அதற்குள் திணித்துக்கொண்டு கிடக்கும்.

"பாவம்டி, கொஞ்சம் பெரிய கூடா வையேன்" என்றேன்.

"பெருசா வச்சா நிம்மதியா இருக்காதுக்கா. உடம்பு நாலு பக்கமும் இடிச்சாத்தான் பத்திரமா இருக்கோம்னு நம்பும்."

இந்த மாமியாரிடமிருந்து இதை எத்தனை நாள் மறைக்க முடியும் என்று நான் கேட்டேன். வசந்தம் வரட்டும், மெதுவாகச் சொல்லலாம் என்றாள். அதுவரை எல்லாம் ஒழுங்காகப் போகும் என்று நாங்கள் நம்பியதுதான் வேடிக்கை.

என் மாமியார் பாம்பை வெறுக்கிறவர் அல்ல. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குள் அதன் பெயரைச் சொல்லமாட்டார், 'சாட்டை' என்பார். அடிக்கவும் விடமாட்டார். வீட்டுக்குள் பாம்பு வந்தால் தலையில் பால் ஊற்றி, வெள்ளையோடு வந்தாய், வெள்ளையோடு போ என்று வழியனுப்புவதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. அப்படி அனுப்பியதை மறுபடி உள்ளே கொண்டுவரக் கூடாது. விடைகொடுத்ததைத் திரும்ப இழுப்பது வீட்டுக்கு ஆகாது.

ஏரிக்காற்றில் குளிர் ஏறிவிட்ட ஓர் ஐப்பசி மதியம். பர்சின் வேலைக்குப் போயிருந்தாள். முந்தின நாள்தான் ஜிபெக் கொழுத்த எலி ஒன்றை விழுங்கியிருந்தது. தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றப் போன எசென், மாற்றினேன் ஓடினேன் என்று வந்தவன், மூடியின் கொக்கியை மாட்டவில்லை.

நான் தொழுவத்திலிருந்து பால் வாளியோடு உள்ளே வந்தேன். கூடத்தில், அடுப்புக்கு எதிரே, ஜிபெக். வயிற்றில் எலி புடைத்துக்கொண்டிருக்கிறது. வால் நுனி தரைப்பலகையில் பட்டு படபடவென்று அடிக்கிறது. பயந்தால் அது அப்படித்தான் செய்யும். எதிரே மாமியார், ஒரு அதிகாரியை வரவேற்பவர் போல நிமிர்ந்து நிற்கிறார்.

"நல்ல நேரத்துக்கு வந்த. வாளிய இப்படிக் குடு."

"அத்தை, நில்லுங்க! அது வந்து... அது நம்ம பர்சினோட..."

சொல்லி முடிப்பதற்குள் என் வாளியிலிருந்து மொண்ட கரண்டிப் பால் ஜிபெக்கின் தலையில் வழிந்துவிட்டது. கண்ணை மூட அதற்கு இமை கிடையாது. பாலோடு விழித்தபடி தலையைத் திருப்பியது. மாமியார் கதவை அகலத் திறந்து, வணங்கி, துடைப்பத்தால் தொடாமல் வழி காட்டினார். ஜிபெக் வாசற்படி இறங்கி, விறகடுக்குக்குள் வெள்ளைத் துளிகளோடு போய் மறைந்தது.

"பர்சினோட என்ன?" என்று அப்புறம்தான் திரும்பிக் கேட்டார்.

சாயங்காலம் பர்சின் வந்ததும் ஒரு மெழுகுவத்தியைக் கூட அணைக்க முடியாத குரலில் எசென் விஷயத்தைச் சொன்னான். அவள் அழவில்லை. செருப்பைக் கூடக் கழற்றாமல் நேரே மாமியார் முன் போய் நின்றாள்.

"மறைச்சது என் தப்பு அத்தை. என்னை எவ்வளவு வேணா திட்டுங்க. ஆனா அதை நான் தேடி எடுத்துட்டு வரணும்."

"வெள்ளை ஊத்தி அனுப்பிச்சத இந்த வீட்டுக்குள்ள எடுத்துட்டு வரக் கூடாது."

"அது நேத்துதான் சாப்பிட்டுச்சு. செரிக்கணும்னா சூடு வேணும். குளிர்ல கிடந்தா வயித்துல எலி அப்படியே அழுகும். அதுலயே செத்துடும் அத்தை."

"வெளிய இருக்கிறதெல்லாம் எப்படிப் பொழைக்குது?"

"வெளிய இருக்கிறதுங்க குளிருக்கு முன்னாடியே சாப்பாட்ட நிறுத்தி, வயித்தக் காலி பண்ணிட்டுத்தான் பூமிக்குள்ள போகும். இதுக்கு வயிறு நெறையப் போட்டது நான்."

 "நான் கொல்லலையே, மரியாதையாத்தானே அனுப்பினேன்" என்றார் மாமியார். குரலில் வழக்கமான காரம் இல்லை. ஆனாலும் மனசு மாறவில்லை.

விறகை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினோம். எருக்குப்பை, வைக்கோல், நிலக்கரிக் கொட்டகை, கோழிக்கூடு, ஒன்று விடவில்லை. எசென்கூடத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு தரைக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்தான். கிடைத்தால் எங்கே வைப்பது என்று எசென் கேட்டான். பர்சின் தன் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்வேன் என்றாள். கிடைத்தால்தானே. மறுநாள் காலை வாளித் தண்ணீர் மேலே கண்ணாடி போல உறைந்திருந்தது. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் பர்சின் தேடுவதை நிறுத்திவிட்டாள். வேலைக்குப் போனாள், வந்தாள், தேநீர் ஊற்றினாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. அந்தப் பல்பை மட்டும் அணைக்காமல் வைத்திருந்தாள். வெறும் பெட்டிக்குள் வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது.

இந்த வீட்டில் நாங்கள் தேடாத பொருள் ஒன்றே ஒன்று. மாமனாரின் ஆட்டுத்தோல் கோட்டு.

மாமனார் போன பிறகு அந்தக் கோட்டை மாமியாரைத் தவிர யாரும் தொட்டதில்லை. பகலில் அடுப்பை ஒட்டிய பலகைமேல் கிடக்கும். மாலையில் பாலைக் காய்ச்சி, இளஞ்சூட்டில் உறை ஊற்றி, பானையை அந்தக் கோட்டால் குழந்தையைப் போலச் சுற்றி வைப்பார். விடிந்ததும் தயிர் கத்தியால் வெட்டுகிற மாதிரி இறுகியிருக்கும். தூசி தட்டுகிறேன் என்று ஒருமுறை நான் கை வைத்ததற்கு வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

வாரக் கடைசியில் ஒரு காலை. நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். மாமியார் பானையைப் பிரிக்க உட்கார்ந்தவர், அப்படியே கையை நிறுத்திவிட்டார்.

"அனார்குல்" என்று என்னை மெல்லக் கூப்பிட்டார். "சின்னவளக் கூட்டிட்டு வா. காலை உதைக்காம வரச் சொல்லு."

கோட்டின் கைக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நாக்கு வந்து வந்து போனது. நாலு பக்கமும் இடிக்கிற இடம், ராத்திரி முழுக்க வெதுவெதுப்பு, பகலில் அடுப்பின் அனல். ஊர் முழுக்கத் தேடினாலும் ஒரு பாம்புக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்குமா? அடுப்புச் சுவரடியில், தரைக்கடியிலிருந்து ஏறிவரும்படி பலகை விரிசல் ஒன்று இருப்பதை எசென் பிறகு கண்டுபிடித்தான். இத்தனை நாளும் அதைச் சேர்த்துத்தான் மாமியார் தினமும் பானையைச் சுற்றியிருக்கிறார்.

பர்சின் வந்தவள் மண்டியிட்டாள். பாம்பைத் தொடவில்லை, மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள்.

"யாராவது இத உள்ள தூக்கிட்டு வந்தீங்களா?" என்றார் மாமியார்.

"இல்ல அத்தை."

"கூப்பிட்டியா?"

"கூப்பிட்டாலும் வராது அத்தை. அதுக்குப் பேரெல்லாம் புரியாது."

அந்த நேரத்திலும் உண்மையைத்தான் சொல்லுவாள்!

"அப்ப நான் அனுப்பினது போயிடுச்சு. இது தானா வந்தது. குளிர்ல தானா வாசலுக்கு வர்றவங்களக் கடவுள் அனுப்புற விருந்தாளின்னு சொல்ற ஊரு இது. விருந்தாளிய வெளிய தள்ள எனக்குத் தெரியாது."

பர்சின் கையைக் கோட்டுக்குள் விட்டு ஜிபெக்கை மெதுவாக வழியவிட்டு எடுத்தாள். வயிற்றுப் புடைப்பு இல்லை. பிறகு கோட்டின் கையைத் துழாவி, காய்ந்த சின்ன உருண்டை ஒன்றை எடுத்தாள். அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு அழுகை பீறிட்டது. "செரிச்சிடுச்சுக்கா! முழுக்கச் செரிச்சிடுச்சு!" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள்.

"என் புருஷன் கோட்டுல பேண்டு வச்சிருக்கு," என்றார் மாமியார் என்னைப் பார்த்து, "அதுக்கு என் மருமக ஆனந்தக் கண்ணீர் விடறா." பிறகு குனிந்து பார்த்தார். "அது என்ன ஓரத்துல வெள்ளையா?"

"அதோட மூத்திரம் அத்தை. தண்ணிய வீணாக்காது. சுண்ணாம்பு மாதிரி கெட்டியாத்தான் விடும்."

மாமியார் அந்த வெள்ளையை விரலால் சுட்டிக் காட்டினார். "ஊத்தின வெள்ளையத் திருப்பிக் குடுத்திருச்சு பாரு. கணக்கு நேராயிடுச்சு" என்றார்.

இனி அதைக் குளிர்காலம் முழுக்கத் தூங்கவிட வேண்டும் என்றாள் பர்சின். வயிறு காலியாகிவிட்டது, கொஞ்ச நாள் சூட்டில் வைத்து, பிறகு பனி உறையாத, இருட்டான, குளிர்ந்த இடம் ஒன்று வேண்டும். குடிக்கத் தண்ணீர் போதும். வசந்தம் வரை யாரும் எழுப்பக் கூடாது.

"உருளைக்கிழங்குக் குழி இருக்கே" என்றார் மாமியார். எழுந்து போனார். ஆட்டு ரோமம் கத்தரிக்கிற பெரிய கத்தரிக்கோலோடு திரும்பி வந்து, கோட்டை மடியில் போட்டுக்கொண்டார். நான் தடுப்பதற்குள், தோள் தையலோடு சேர்த்து அந்தக் கையை வெட்டத் தொடங்கினார். தோல் தடிமன். அவருக்கு மூச்சு வாங்கியது.

"அத்தை, வேற துணி தரேன், விடுங்க" என்றேன்.

"வேற எதுக்கு? அது இடம் பாத்து வந்திருக்கு." வெட்டிய கையைத் தட்டித் துடைத்து பர்சினிடம் நீட்டினார். "பெட்டியில வை. அவரும் இப்படித்தான், குளிர்காலத்துல இதுக்குள்ள புகுந்துட்டா எழுப்பினா சீறுவாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு தலைத்துணியின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அடுப்பில் கரி போடச் சொல்லி என்னை விரட்டினார். அன்று மாலை ஒற்றைக் கைக் கோட்டால் பானையைச் சுற்றினார். தயிர் நன்றாகவே உறைந்தது.