புல்லுக்குள் இருந்த சூடு

ஆறு மணிக்கே மலைக்கு மேலே வானம் சிவந்து கிடந்தது. காலையில் வானம் சிவந்தால் மழை வரும் என்று எங்கள் ஹெரிஃபோர்ட் பக்கம் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். தீனிக்காக வெட்டிய புல் மேல்வயலில் அரைகுறையாகக் காய்ந்து கிடந்தது. பக்கத்துப் பண்ணை டிராண்டர் தன் வண்டியை இன்று ஒரு நாளைக்குத்தான் கொடுத்திருந்தார். புல் நனைந்துவிட்டால் குளிர்காலத்துக்குத் தீனி இல்லை, ஏழு பசுக்களையும் விற்க வேண்டியதுதான். என் கணவன் கிளெமன்ட் வயல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.

ஒரு காலத்தில் இந்த மனிதன் வாயைத் திறந்தாலே பழமொழிதான். அவன் அப்பா விட்டுப்போன சொத்தில் பாதி அதுதான். அவசரப்படச் சொல்ல ஒன்று, பொறுத்திருக்கச் சொல்ல ஒன்று, மழைக்கு, முட்டைக்கு, மாமியாருக்கு என்று தனித்தனியாக வைத்திருப்பான். எனக்குக் காது புளித்துவிட்டது. ஆறு வருஷத்துக்கு முன் இதே மாதிரி ஒரு காலையில், புல் இன்னும் ஒரு நாள் காயட்டும் என்றான். வெயில் இருக்கும்போதே வேலையை முடிப்பது பற்றி அவன் அப்பா சொல்லும் வாக்கை எடுத்து அவன் முகத்திலேயே வீசினேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். ஈரப்புல்லைக் கொட்டகையில் அடைத்தோம். மூன்றாவது வாரம் அது உள்ளுக்குள்ளேயே வெந்து தீப்பிடித்தது. குதிரையை அவிழ்த்துவிட உள்ளே ஓடிய அவன் தம்பி ஜெத்ரோ திரும்பி வரவில்லை.

கொட்டகையைப் புதிதாகக் கட்டினோம். கிளெமன்ட் அதற்குப் பிறகு ஒரு பழமொழியும் சொன்னதில்லை. அடுக்கிய புல்லில் தினமும் நீளமான இரும்புக் கம்பியைச் செருகி உருவி, சூடு ஏறியிருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்ப்பான். எனக்கு அங்கே ஜெத்ரோவின் புகையிலை இருமல் கேட்கும். யாரிடமும் நான் சொன்னதில்லை.

"என்ன செய்யலாம், கிளெம்?"

"நீயே சொல்லு, டில்லி. அன்னிக்குச் சொன்னியே."

ஆறு வருஷத்தில் அவன் அந்தப் பேச்சை எடுத்தது இதுதான் முதல் தடவை. குத்தலாகக்கூடக் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குனிந்து ஒரு பிடி புல்லை எடுத்து முறுக்கினேன். உள்ளங்கை நனைந்தது.

"ஈரமா இருக்கு. வேண்டாம்."

வண்டியைத் திருப்பி அனுப்பினோம். பதினொரு மணிக்குப் பிடித்த மழை நாலு நாள் விடவில்லை. புல் கறுத்து வயலோடு அழுகியது. இந்த வீட்டில் புத்தி சொல்ல ஒரு பழைய வாக்குகூட மிச்சமில்லையா என்று டிராண்டர் வேலியோரம் நின்று கேலி பேசிவிட்டுப் போனார்.

பசுக்களை வாங்க வந்தவர் அவற்றை ஓட்டிக்கொண்டு போன மத்தியானம், கிளெமன்ட் வெறும் கொட்டகையில் கம்பியோடு நின்றிருந்தான். வழக்கம்போல அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான்.

"தொட்டுப் பாரு. சில்லுன்னு இருக்கு."

வாங்கி என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். குதிரை கட்டும் மூலையில் யாரோ இருமினார்கள். இருவரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தோம்.