கிணற்றிலிருந்து நூறு காலடி

கோயில் கிணற்றுக்குக் கிழக்கே, செம்பனை வரிசை ஓரமாக, ரவிச்சந்திரன் இரும்புக் கம்பிகளைச் சுத்தியலால் அடித்து இறக்கிக்கொண்டே போனார். ஒவ்வொரு கம்பியின் அடியிலும் ஒரு குவளை உப்புத் தண்ணீர் ஊற்றினார். காய்ந்த மண்ணில் மின்சாரம் சரியாக இறங்காதாம். எல்லாக் கம்பிகளையும் ஒரே வயரில் கோத்து ஒரு பெட்டியில் செருகினார்.

"பயப்படாதீங்க கிராணி, பூமிக்கு ஈசிஜி எடுக்கிறோம் லா," என்றார். நான் சிரித்துவைத்தேன்.

கிணற்றுத் தண்ணீர் கெட்டிருப்பது பாட்டிலில் பிடித்து அனுப்பிய சோதனையிலேயே தெரிந்துவிட்டது. எங்கிருந்து வருகிறது என்று தோண்டாமல் கண்டுபிடிக்கத்தான் நீலாயிலிருந்து துஷ்யந்தி, உதவியாளர் ரவிச்சந்திரனோடு வந்திருந்தார். கல்லூரியில் மண்ணியல் சொல்லிக்கொடுப்பவர். தோட்ட நிர்வாகம் அந்த ஒரு நாளுக்குத்தான் அனுமதி கொடுத்திருந்தது. கிழக்கே இருந்த பழைய ரப்பர் பால் கொட்டகைமேல் அவருக்குச் சந்தேகம். வேறு எங்காவது ஏதாவது புதைத்திருக்கிறார்களா என்று காலையில் என்னிடம் கேட்டார். தோட்டத்து ஸ்டோரில் இருபத்தாறு வருடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவனிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பார்? தெரியாது என்று சொன்னேன்.

ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட வருடம், ஸ்டோரை ஒரே வாரத்தில் காலி செய்யச் சொன்னார்கள். களைக்கொல்லி மிச்சமிருந்த டிரம்களை என்ன செய்வதென்று கேட்டபோது, அதையெல்லாம் என்னிடம் கேட்காதே என்றார் மேனேஜர். வேறொருவனாக இருந்தால் ஆற்றில் உருட்டிவிட்டிருப்பான். நான் கிணற்றிலிருந்து மேற்கே நூறு காலடி எண்ணி நடந்து, அங்கே வெளியூர் ஒப்பந்த ஆட்களை விட்டுக் குழி வெட்டவைத்தேன். கன்று நடுவதற்கும் காலடி, வேலி போடுவதற்கும் காலடி. அளப்பதற்கு எங்களுக்கு அது போதுமாயிருந்தது. நிலம் கிணற்றை நோக்கிச் சரிகிறது என்பதை யாரும் காலால் அளக்கவில்லை. நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போய்க் குளித்தேன்.

என் மனைவி மீனலோசனிக்குப் பைப்புத் தண்ணீர் ஆகாது; குளோரின் வாடை என்பாள். சமையலுக்கும் டீக்கும் கடைசிவரை கிணற்றுத் தண்ணீர்தான். ஆடிக்கு எல்லா வீட்டுக்கும் கூழ் காய்ச்சுவதும் அதில்தான். ஒருநாள் காலை செம்பை என் முகத்தருகே நீட்டினாள்.

"தண்ணியில மருந்து வாடை அடிக்குது பாருங்க."

முகர்ந்தேன். என் சட்டையில் இருபத்தாறு வருடம் இருந்த வாடை. புதுக் கயிறு, அதுதான் என்றேன்.

"ஸ்டோர் கிராணி சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று சிரித்துக்கொண்டே உலை வைத்தாள்.

சிரம்பான் ஆஸ்பத்திரியில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். சர்க்கரை வியாதி உண்டா என்று கேட்டார்கள். இல்லை. காரணம் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவள் போய் இரண்டு வருடமாகிறது. இப்போது நான் எந்தக் குழாயைத் திறந்தாலும் தண்ணீருக்கு முன்னால் வாடை வருகிறது. சில காலைகளில் அடுப்படியில் அவள் செம்போடு நின்றுகொண்டிருக்கிறாள். பதிலுக்குத்தான் நிற்கிறாள்.

மூன்று மணிக்குத் துஷ்யந்தி திரையைக் காட்டினார். கெட்ட நீர் இருந்தால் நீலமாகத் தெரியுமாம். முழுவதும் மஞ்சளும் சிவப்பும். கொட்டகைப் பக்கம் சுத்தம். ரவிச்சந்திரன் வயரைச் சுருட்டத் தொடங்கினார். கடைசிச் சுற்றும் போய்விட்டால் இனி யாரும் வரப்போவதில்லை, நான் செத்தாலும் யாருக்கும் தெரியாது என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"மேற்கால பதினாலு டிரம் இருக்கும்மா. களைமருந்து. நான்தான் பொதைக்கச் சொன்னேன்."

துஷ்யந்தி திரையிலிருந்து நிமிர்ந்தார்.

"காலையிலேயே கேட்டேனே அங்கிள்."

நான் நடந்தேன். கிணற்றடியில் தொடங்கி, வாய்க்குள் எண்ணிக்கொண்டே. நூறாவது காலடியில் நின்று கையைக் காட்டினேன். ரவிச்சந்திரன் வயரை அங்கே இழுத்துவந்தார். திரும்பியபோது ரோகினி நின்றிருந்தாள். பக்கத்து வீடு. அவள் கணவன் மகேந்திரனுக்கு வாரம் மூன்று நாள் சிரம்பானில் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். வந்தவர்களுக்கு டீ கொண்டுவந்திருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

அவர்கள் இருவருக்கும் கொடுத்தாள். மூன்றாவது தம்ளரை என்னிடம் நீட்டினாள்.

"குடிங்கண்ணே."

வாங்கினேன். அவள் விடவில்லை. கொதிக்கும் தம்ளரை இரண்டு பேரும் பிடித்தபடி நின்றோம். எனக்குப் பின்னால் முதல் கம்பிமேல் சுத்தியல் விழுந்தது.