ஒரே சீட்டில் இரட்டையர்

என் மனைவி கருப்பம்மாளிடம் வாதாடி ஜெயித்தவர் எங்கள் ரப்பர் தோட்டத்தில் யாருமில்லை. 1979இல் மலேசியாவின் பத்து காஜா ஊருக்குப் பக்கத்துப் பள்ளியில் இடம் போதாமல், முதலாம் வகுப்புக்குக் குலுக்கல் வைத்தார்கள். எங்கள் இரட்டைப் பெண்களுக்கு இரண்டு சீட்டு எழுதப்போன தலைமையாசிரியரை அவள் தடுத்தாள்.

“ஒண்ணா பொறந்துச்சுங்க, ஒரே சீட்டுல எழுதுங்க சார்.”

“அது வரலன்னா ரெண்டு பேருக்கும் எடம் இல்லம்மா.”

“பரவால்ல லா, எழுதுங்க.”

சீட்டுகளைப் போட்ட மைலோ பான டின்னைக் குலுக்கிக் குலுக்கி எடுத்தார்கள். கடைசியாகத்தான் எங்கள் சீட்டு வந்தது. ஒரே கைதட்டல்!

“மிச்சம் ஒரு நாற்காலிதானம்மா இருக்கு,” என்றார் தலைமையாசிரியர்.

கருப்பம்மாள் வாதாடவே இல்லை. இருவரையும் அந்த நாற்காலியில் நெருக்கி உட்கார வைத்துவிட்டு, அவரையே பார்த்தாள்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். தம் அறைக்குப் போய், தம்முடைய நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.