ஏற்றத்தில் கட்டிய கம்பி

அப்பாவுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் கட்டுக்கம்பி. குழாய் ஆடினால் கம்பி. கதவுக் கொண்டி விழுந்தால் கம்பி. என் கல்லூரிப் பையின் வார் அறுந்தபோதும் கம்பிதான். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டத்தை அது குத்திய தோளோடு வாங்கினேன். "கம்பி இருந்தா அரண்மனையே கட்டலாம்" என்பார். அப்படிக் கட்டிய அரண்மனை எதையும் நாங்கள் பார்த்ததில்லை.

எங்கள் பிழைப்பு ஒரு ஜெனரேட்டர். அதை டிரெய்லரில் ஏற்றி, ஜீப்புக்குப் பின்னால் மாட்டி, கட்டட வேலை நடக்கும் இடங்களில் வாடகைக்கு விடுவோம். ஓட்டுவது அத்தான், அக்காவின் வீட்டுக்காரர்.

"மாப்பிள்ளைன்னு கூட்டிட்டு வந்து டிரைவர் வேலை வாங்குறாரே எங்கப்பா, உங்களுக்குக் கோபமே வராதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"டிரைவர் வேலை பாத்துக்கிட்டே மாப்பிள்ளை மரியாதை வாங்குறேனே, அது உன் கண்ணுக்குத் தெரியலியா?" என்றார். அப்படி ஒரு மனுஷன்.

டிரெய்லரின் ஹேண்ட்பிரேக்கில் பல் தேய்ந்திருந்தது. லீவரை இழுத்து நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கிவிடும். மாற்றித் தொலைக்காமல், லீவரைப் பக்கத்து இரும்புத் தண்டோடு சேர்த்துக் கம்பியால் இறுக்கிச் சுற்றினார் அப்பா. "இனிமே ஆனை தள்ளினாலும் அசையாது மாப்பிளை. எங்க நிறுத்தினாலும் இப்படியே கட்டிடுங்க." அசையவும் இல்லை. நாங்கள் நிறுத்தியதெல்லாம் சமதரை.

அன்றைக்கு வேலை ஒரு மேட்டின் மேல். பாதி ஏற்றத்திலேயே ஓரமாக விட்டுவிடச் சொன்னான் மேஸ்திரி. பின்னால் கான்கிரீட் லாரிக்காரன் வழி கேட்டு ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவில்லை. அத்தான் பிரேக்கை இழுத்தார், கம்பியைக் கட்டினார், ஜீப்பிலிருந்து டிரெய்லரைக் கழற்றினார். சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க அதன் பிறகுதான் கல் தேடினார். கல் வைத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். தெரியாதவரில்லை. காதுக்குள் ஒருவன் ஹாரன் அடித்தால் தெரிந்ததெல்லாம் பறந்துபோகும்.

டிரெய்லர் ஒரு சாண் பின்னால் வந்தது. அப்புறம் நிற்கவில்லை. கீழே ஆட்கள் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தான் ஓடிப்போய்த் தோளைக் கொடுத்துத் திருப்பிவிட்டார். அது ரோட்டோரச் சுவரில் மோதி நின்றது. அவர் கால் சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில்.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அப்பா வார்டுக்குள் நுழைந்து கேட்ட முதல் கேள்வி, "கல்லு வச்சீங்களா, இல்லியா?"

அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். "இல்ல மாமா. பிரேக்கையும் சரியா இழுக்கலையோ என்னவோ. என் தப்புதான்."

அதைப் பிடித்துக்கொண்டாள் அக்கா. பயத்தைத் திட்டாக மாற்றுவது எங்கள் வீட்டுப் பழக்கம். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்க்கப் பார்க்கக் கத்தினாள். "ஒரு கல்லைத் தூக்கி வைக்கத் துப்பில்லாத ஆளுக்கு என்னைக் கட்டி வச்சீங்களே! இனி வாழ்நாள் பூரா நான் தூக்கிச் சுமக்கணுமா? பேசாம அந்த வண்டியோடயே போயிருந்தா ஒரே நாள்ல அழுது முடிச்சிருப்பேன்!"

அத்தான் போர்வையை இழுத்து, இல்லாத காலை மூடினார்.

மறுநாள் டிரெய்லரைப் பார்க்க நானும் அப்பாவும் மெக்கானிக் பட்டறைக்குப் போனோம். மெக்கானிக் லீவர் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"இந்தக் கம்பியைக் கட்டின புண்ணியவான் யாருங்க?"

அப்பா குனிந்து டயரைப் பார்த்தார்.

"ஏன், அதுல என்ன?" என்றேன் நான்.

"இந்த மாதிரி டிரெய்லர் ரிவர்ஸ்ல போகணுங்கறதுக்காக, சக்கரம் பின்னாடி உருண்டா பிரேக் கொஞ்சம் விட்டுக் கொடுக்கும்மா. மேட்டைப் பாத்து நிறுத்தினா அதேதான் நடக்கும். சறுக்கும், பிடி விடும். உடனே லீவர்ல இருக்கிற ஸ்பிரிங் லீவரை இன்னும் மேல இழுத்து மறுபடி கடிக்கும். இங்கதான் லீவரைக் கை காலைக் கட்டிப் போட்டாச்சே, அது எங்கிருந்து இழுக்கும்? டிரைவர் நல்லாத்தான் இழுத்திருக்காரு. கட்டினவன் கையைத்தான் ஒடிக்கணும்."

அப்பா தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

திரும்பும் வழியில் ஜீப்பில் கேட்டேன். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

"சொன்னா கால் முளைச்சிருமா?"

"முளைக்காது. அந்த மனுஷன் தன்னைத்தானே தின்னுக்கிட்டுக் கிடக்காரே, அது நிக்கும். அக்கா வாய் மூடும்."

"நாலு எழுத்துப் படிச்சதும் அப்பனைக் கூண்டுல ஏத்துறியா?"

"ஏறி நிக்கிறது அத்தான்ப்பா. நீங்க ஏத்தி விட்டது."

ஜீப்பை ஓரங்கட்டினார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்திருக்கலாம்; வரவில்லை. எந்த ஊரிலோ எந்த மகளோ இந்த நேரத்தில் அப்பன் தோளைத் தொடுவாள். நான் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் சொன்னார். வார்டுக்குப் போய், கட்டில் கால்மாட்டில் நின்று, அக்காவும் நானும் இருக்கும்போதே. "பிரேக்கை நீங்க சரியாத்தான் இழுத்திருக்கீங்க மாப்பிளை. நான் கட்டச் சொன்ன கம்பிதான் அதைப் பிடிக்க விடல. என்னாலதான்." எங்களிடம் அப்பா எதற்கும் இறங்கிப் பேசி நான் கேட்டதில்லை.

அத்தான் கூரையைப் பார்த்தபடியே சொன்னார். "நானும் அதை நல்ல ஐடியான்னுதானே நெனச்சேன். கல்லு வைக்காம கழட்டினது நான்தானே மாமா. விடுங்க. உக்காருங்க, நிக்காதீங்க."

அவ்வளவுதான். அப்பாவை நாலு வாக்கியத்தில் மன்னித்துவிட்டார். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அக்கா மட்டும் நின்றுகொண்டே இருந்தாள். முகத்தில் ரத்தமில்லை. கொட்டிய சொல் எல்லாம் அந்தக் கட்டிலைச் சுற்றித்தான் கிடந்தது, ஒன்றைக்கூட அள்ள வழியில்லை.

"என்னங்க," என்றாள் மெதுவாக. "தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேணாம்."

"தலகாணியை ஒசத்தி வைக்கட்டுமா?"

"வேணாம்மா."

கோபமே இல்லாத குரல். திட்டியிருந்தால் அவள் அழுது தீர்த்திருப்பாள். திட்டவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்துத் தானே எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. பக்கத்திலேயே நின்ற அக்கா இரண்டு கைகளையும் நீட்டினாள்.

அவர் அவளைத் தாண்டி என்னைப் பார்த்தார். "நீ கொஞ்சம் பிடிக்கிறியா? உங்கக்கா தூக்கிச் சுமக்க வேணாம்."

நான் போனேன். நீட்டிய கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் அக்கா ஒதுங்கி வழிவிட்டாள்.