மூன்று வேகன்கள்

பரளச்சியில் இரண்டு வருடமாக மழை ஏமாற்றிவிட்டது. பருத்தி கருகிப்போனதும் மாரிச்சாமி வடக்கே இரும்பாலைக்கு வேலைக்குப் போனான். எட்டாம் மாதம் ஆலையிலிருந்து, அருப்புக்கோட்டை தபாலாபீஸ் வழியாகத் தந்தி வந்து சேர்ந்தது. உருக்கிய இரும்பைச் சுமந்துபோகும் கொப்பரைக்குள் கால் தவறி விழுந்துவிட்டானாம். இருபத்திரண்டு வயது, கல்யாணம்கூட ஆகவில்லை.

"ஒரு கை சாம்பலாவது கொண்டாங்க" என்று மட்டும் பெற்றவள் வெள்ளைத்தாய் புருஷனிடம் சொன்னாள். சின்னச்சாமி விருதுநகரில் ரயிலேறி ஐந்தாம் நாள் போய் இறங்கினார். அங்கே சாம்பலுக்கு எங்கே போவது?

ஆலையில் வேலை பார்த்த ஊர்க்காரப் பையன் சந்தனம்தான் அவரைக் கூட்டிப்போய்க் காட்டினான். அந்தக் கொப்பரை இரும்பு முழுவதையும் பாளம் பாளமாக வார்த்து, ஆறவைத்து, மூன்று வேகன்களில் ஏற்றியிருந்தார்கள். யுத்தக் காலம். ஒரு பாளத்தைக்கூட விட்டுக்கொடுக்க முடியாதாம். மனுஷனை விழுங்கிய இரும்பு என்றால் பீரங்கிக்குக் கசக்கவா போகிறது?

மகன் எந்த வேகனில் இருக்கிறான் என்று கேட்டார். அது யாருக்கும் தெரியவில்லை. அப்படியென்றால் மூன்றையும் சேர்த்துச் சுற்றிவிடுகிறேன் என்றார். பெற்ற பிள்ளைக்கு அப்பன் குடம் எடுப்பதே கொடுமை. இரும்பு வண்டியைச் சுற்றிக் குடம் எடுக்கும்படி எந்தத் தகப்பனுக்கு எழுதியிருந்தது?

யார்டு அதிகாரி இரக்கமுள்ள மனுஷர். சிக்னல் விழும்வரை செய்துகொள்ளட்டும் என்று சொல்லி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அவரால் ஆனது அவ்வளவுதான்.

தண்ணீர்க்குடத்தைத் தோளில் வைத்துச் சின்னச்சாமி நடந்தார். முதல் சுற்று முடிந்ததும் சந்தனம் ஆணியால் குடத்தைக் கொத்தித் துளை போட்டான். தண்ணீர் முதுகில் வழிந்தது. ஊரிலென்றால் சிதையைப் பத்து எட்டில் சுற்றிவிடலாம். இங்கே மூன்று வேகன் நீளம், காலடியில் சல்லிக்கல். பாவம், அவருக்கு மூச்சு வாங்கியது. இரண்டாம் துளை போடும்போது என்ஜின் வந்து மாட்டியது. மூன்றாம் சுற்றில் பாதி போயிருப்பார், சிக்னல் விழுந்துவிட்டது.

அதிகாரி ஓடிப்போய் டிரைவரிடம் கெஞ்சிப் பார்த்தார். யுத்த லோடு, ஒரு நிமிஷம் நிற்கக் கூடாதென்று உத்தரவாம். வேகன்கள் நகர்ந்தன. சின்னச்சாமி குடத்தோடு கூடவே ஓடினார். கடைசி வேகனும் அவரைத் தாண்டிப் போய்விட்டது.

வெறும் தண்டவாளத்தருகே நின்றார். சந்தனம் மெதுவாகப் பக்கத்தில் வந்தான்.

"குடத்தப் பின்னால போட்டு உடைச்சிட்டு, திரும்பிப் பாக்காம வாங்க பெரியப்பா."

அவர் குடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் அரைச் சுத்து கெடக்கேலே. எதைன்னு சுத்துவேன்?"