கொக்கின் ரீல்

கொக்கு அந்தத் தூண்டில் ரீலை மறுபடியும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தபோது அக்கா தலையை நிமிர்த்தக்கூட இல்லை. வைத்த சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.

“மறுபடியுமா அண்ணே?”

“மறுபடியும்தான் தங்கச்சி. சுத்தினா கரகரங்குது.”

கொக்கு பஸ் டிரைவர். ஒல்லியான நீண்ட உடம்பு, உடம்புக்கேற்ற கழுத்து. விடுமுறை நாளில் நீர்த்தேக்கத்துக்குப் போய் முழங்கால் தண்ணீரில் ஆடாமல் அசையாமல் நிற்பார் என்று யாரோ வைத்த பெயர். அவர் மறுத்துப் பேசாததால் அதுவே நிலைத்துவிட்டது. தூண்டில் சாமான் விற்கும் அந்தக் கடையின் முன்பக்கம் தம்பியின் ராஜ்ஜியம். அவன் பேசுவான், விற்பான். விற்றது உடைந்து திரும்பி வந்தால் பின்பக்கத்தில் அக்கா திறந்து பார்ப்பாள்.

திறந்தாள். கிரீஸில் பித்தளைத் தூள் மினுமினுத்தது. போனமுறை புதிதாகப் போட்ட பல்சக்கரம் பழைய சீப்பு மாதிரி தேய்ந்திருந்தது. அதற்கு முன்னால் போனது, கைப்பிடி பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் பேரிங். அதற்கும் முன்னால், தூண்டில் நரம்பைச் சீராக அடுக்கும் சின்ன முள். ஒன்றை மாற்றினால் அடுத்தது கையை விரித்தது.

கத்துகிற ஆட்களை அவளுக்குச் சமாளிக்கத் தெரியும். கொக்கு கத்தமாட்டார். “பரவாயில்ல, மெதுவா பாரு” என்பார். அதைக் கேட்டால்தான் அவளுக்கு இன்னும் ஆயாசமாக இருக்கும்.

“அப்படி என்னத்தைத்தான் கட்டி எறியறீங்க?”

அவர் பையிலிருந்து எடுத்தார். முன்கை நீளத்துக்கு ஒரு மரமீன். இரண்டு துண்டாக இணைத்து, வண்ணம் பூசி, கண் வரைந்து, வயிற்றில் கொக்கிகள் தொங்கவிட்ட பொய்மீன். வாங்கிப் பார்த்தாள். சுத்தியல் தலையைத் தூக்குவது போலிருந்தது.

“பெரிய மீனுக்குச் சின்னதைக் காட்டினா மதிக்காது தங்கச்சி. அங்க ஒண்ணு இருக்கு. ஒருநாள் இது பின்னாலயே என் கால் வரைக்கும் வந்துச்சு. வாயைக்கூடத் திறக்கல. என்னை ஒரு பார்வை பாத்துட்டுத் திரும்பிப் போயிருச்சு.”

அந்தப் பார்வையை இன்னும் மறக்காதவர்போல் சொன்னார்.

சக்கரத்தை மாற்றிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவருடைய அடுத்த விடுமுறைக்கு அவளும் கரைக்குப் போனாள். வேலை செய்யும் இடத்தில் பார்க்காமல் கோளாறு பிடிபடாது என்று தோன்றியது. அவர் எறிந்தார், சுற்றினார், எறிந்தார். கைப்பழக்கத்தில் ஒரு குறையும் இல்லை. பிறகு அவளே வாங்கி எறிந்து பார்த்தாள். கொஞ்ச நேரத்திலேயே மணிக்கட்டு கடுத்தது. ஆனால் அதற்குள் விஷயம் விளங்கிவிட்டது. தண்ணீருக்குள் பொய்மீன் பாரமாக இழுக்கும் ஒவ்வொரு முறையும் ரீலின் பக்கச்சுவர் இலேசாக வளைந்தது. சுவர் வளைந்தால் உள்ளே சக்கரம் சாயும். சாய்ந்தால் ஒரு பல் இன்னொரு பல்லைத் தின்னும்.

“உங்க மேல தப்பே இல்லண்ணே. ரீலோட உடம்பே வளையுது. பல்லை மாத்தி என்ன பிரயோஜனம்?”

“அப்ப இது தாங்காதா?”

“சின்ன மீன் பிடிக்க நல்ல ரீல். இதுக்கு ஆகாது.”

கொக்கு பொய்மீனின் கொக்கியில் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்குத் திரும்பியதும் அவள் தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“யானையையே இழுக்கும்னு சொல்லித்தானே அவர் தலையில கட்டினே?”

“அட்டையில ‘பெரிய மீனுக்கு’ன்னு போட்டிருக்கு. நான் என்ன கனவா கண்டேன்?”

“அட்டைக்கு வாய் கிடையாது. உனக்கு இருக்கு. நீ வாயால விக்கறதை எல்லாம் நான் கையால சுமக்கறேன்டா.”

வழக்கமாக அவன் எதிர்த்துப் பேசுவான். அன்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். “ஆமாக்கா. ஆனா நாள் பூரா பேசிப் பேசி எனக்கும் தொண்டை வத்திப்போவுது. தாங்காதுன்னு ஒருத்தர்கிட்ட சொன்னா, தாங்கும்னு சொல்ற கடைக்குப் போயிடறாரு. நான் என்ன பண்றது?”

  பிறகு அவன் எழுந்து, கண்ணாடி அலமாரியிலிருந்து கடல் மீனுக்கான முழு உலோக ரீலை எடுத்துத் தூசி தட்டினான். கொக்கு வந்ததும் அவனே முன்னால் போனான்.

“அண்ணே, நான் சொன்னது தப்பு. அதை வெச்சிட்டு இதை எடுத்துக்குங்க. இது வளையாது.”

கொக்கு அதைக் கையில் ஏந்திப் பார்த்தார். “கனமா இருக்கே.”

“தாங்கறதுன்னா கனமாத்தான் இருக்கும்” என்றாள் அக்கா.

அதன்பிறகு அவர் கடைப்பக்கமே வரவில்லை. “பாத்தியா, ரீல் நல்லா ஓடுது” என்று தம்பி அவ்வப்போது சொல்லிக்கொண்டான்.

ஒருநாள் மதியம் பல் டாக்டரிடம் போய்விட்டுத் திரும்ப அவள் ஏறிய பஸ்ஸில் கொக்குதான் டிரைவர். வலது மணிக்கட்டில் அகலமான பட்டை சுற்றியிருந்தார். அவரிடம் பேச வேண்டும் என்று கடைத்தெருவில் இறங்காமல் கடைசி நிறுத்தம் வரை போனாள். எல்லோரும் இறங்கிய பிறகு அவள் முன் சீட்டுக்கு வந்தாள்.

“கைக்கு என்னண்ணே?”

“உள்ள சவ்வு வீங்கிருச்சாம். அந்த ரீலைப் பிடிச்சு நாள் பூரா எறிஞ்சா என் வயசுக்கு ஆகாதுன்னுட்டாரு டாக்டர். ஸ்டியரிங் வேணுமா மீன் வேணுமான்னு வீட்டுல கேக்கறா. சோறு போடறது எதுன்னு எனக்குத் தெரியாதா?”

 “ரீல் எப்படி இருந்துச்சு?” என்று அவள் கேட்டாள்.

அவர் முகம் கொஞ்சம் மாறியது. “அந்த மீன் வந்துச்சு தங்கச்சி.”

“நிஜமாவா!”

“கவ்விச்சு. ரீல் ஒரு சின்ன சத்தம்கூடப் போடல. கல்லு மாதிரி நின்னுச்சு. கைதான் வரல. விரல் மரத்துப்போய், கைப்பிடியைச் சுத்தவே முடியல. பக்கத்துல ஒருத்தர் நின்னாரு, யாருன்னே தெரியாது. கோலை அவர்கிட்ட குடுத்துட்டேன். அவர்தான் இழுத்தாரு.”

“பெரிசா?”

இரண்டு கையையும் விரிக்கப் போனவர், வலி சுருக்கென்று இழுக்கவே ஒரு கையை மடியில் வைத்துக்கொண்டார். “பெரிசுதான். மீனைத் தூக்கி வெச்சுப் படம் எடுக்கச் சொன்னாரு. நான்தான் எடுத்தேன். அப்புறம் தண்ணியில விட்டுட்டோம்.”

“நீங்க ஒண்ணு எடுத்துக்கலையா?”

“என்னத்தைப் பிடிச்சேன்னு எடுக்கறது?”

வருத்தமாகவும் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. புறப்படும் நேரம் வந்ததும் இடது கையால் ஸ்டியரிங்கை வளைத்து பஸ்ஸைத் திருப்பினார். வெயிலும் ஆட்டமும் சேர்ந்து, பல் வலி மாத்திரையும் வேலை செய்து, அவள் அப்படியே தூங்கிப்போனாள். கடைத்தெரு வந்தபோது அவர்தான் எழுப்பினார்.

“இறங்கு தங்கச்சி. நல்ல ரீல்னு தம்பிகிட்ட சொல்லிடு.”

சொன்னாள். தம்பிக்கு அன்று பிற்பகல் முழுக்க நடையிலேயே ஒரு துள்ளல் இருந்தது. மீதியை அவள் கடையைச் சாத்தும் நேரத்தில்தான் சொன்னாள். ஷட்டரின் கொக்கிக்கம்பியோடு அவன் அப்படியே நின்றுவிட்டான்.

“அந்த ரீலைத் திருப்பி எடுத்துக்கலாமாக்கா? லேசா ஒண்ணு குடுக்கலாம்.”

“வேண்டாம். இப்பக் கேக்காதே. அவருக்கா தோணினா வரட்டும்.”

ஷட்டர் வழக்கம்போல் பாதியில் சிக்கியது. அவன் இழுக்க, அவளும் பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு பக்கம் பிடித்தாள்.