இருபத்து மூன்று பொட்டு

அடைக்கலத்தின் ஜீப் நான்கு மாதமாக வீட்டுக்கு முன்னால் வேப்பமரத்தடியில் நின்றது. நின்றது என்றால் ஒரு சாண்கூட நகரவில்லை. ஓட்டுகிறவர் கட்டிலோடு கிடக்கும்போது அதை யார் நகர்த்துவது? ஒரு கோழி அதன் அடியில் அடைகிடந்து, குஞ்சு பொரித்து, குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

தை மாதத்தில் ஒருநாள் காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரோடு சாய்ந்தார். வலது கை போயிற்று, வலது கால் போயிற்று. பேச்சில் ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியது. ஆமா. சாப்பிடுகிறீர்களா என்றாலும் ஆமா, வேண்டாமா என்றாலும் ஆமா. பார்க்க வந்தவர்கள் நாளடைவில் அவரிடம் கேட்பதை விட்டுவிட்டு அவர் மனைவி பிரகதீஸ்வரியிடம் கேட்டார்கள். அவளும் பதில் சொன்னாள், மூன்றாம் வீட்டில் யாருக்கோ வந்த நோயைச் சொல்வதுபோல. அழக்கூடக் காணோமே என்று பின்னால் பேசினார்கள். அழக்கூடாது என்று அவள் சபதம் ஒன்றும் எடுத்திருக்கவில்லை. வரவில்லை, அவ்வளவுதான்.

டாக்டர் ஒன்று சொல்லியிருந்தார். கை கால் திரும்புவதில் பெரும்பங்கு முதல் ஆறு மாதத்தில்தான், தினமும் பயிற்சி கொடுக்க வேண்டும், விட்டு விட்டுக் கொடுத்தால் பலன் இல்லை என்று. நான்கு மாதம் விட்டு விட்டுத்தான் போயிற்று. நார்த்தாமலைப் பக்கத்திலிருந்து புதுக்கோட்டை இருபது கிலோமீட்டர். பஸ் படி அவருக்கு ஏறாது. ஆட்டோக்காரர் ஒருநாள் வந்தால் மூன்று நாள் வரமாட்டார். கடைசியில் புதுக்கோட்டையில் பயிற்சி கொடுக்கிற இடத்தில் கெஞ்சிக் கேட்டு, திங்கட்கிழமை முதல் தினம் காலை ஒன்பது மணி என்று ஒரு நேரம் வாங்கினாள். வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்து ஜீப்பைப் பார்த்தாள்.

அவளுக்கு ஓட்டத் தெரியும். எட்டு வருடத்துக்கு முன்னால், தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் அடைக்கலமே விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்து லைசென்ஸும் எடுத்துக் கொடுத்திருந்தார். வண்டிக்குத்தான் பத்தொன்பது வயது. பழனி, சபரிமலை, வேளாங்கண்ணி என்று வாடகைக்கு ஓடித் தேய்ந்த வண்டி. தினசரி ஓட்டத்துக்கு அதைத் தயார்செய்ய வேண்டும்.

கொழுந்தன் திருப்பதி வந்து சுற்றிப் பார்த்தான். பானட்டைத் தூக்கினான். மூடியின் உள்பக்கம் முழுக்கச் சந்தனப் பொட்டு, வரிசை வரிசையாக. நடுநடுவே குங்குமம். அடைக்கலம் ஆயில் மாற்றுகிற நாளெல்லாம் குளித்துவிட்டு வந்து ஒரு பொட்டு வைப்பார் என்பது பிரகதீஸ்வரிக்குத் தெரியும். பக்தி என்றே நினைத்திருந்தாள்.

"மதினி, இதையெல்லாம் தொடச்சிருங்க. பொட்டு வச்ச கையி விழுந்து கெடக்கு. அதோட ராசி இதுல ஒட்டியிருக்கக் கூடாது. வேலையெல்லாம் முடிஞ்சதும் புதுசா ஒரு பூசை போட்டுக்கலாம்."

சரி என்றாள். யார் எது சொன்னாலும் அந்த நான்கு மாதமும் அவள் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். மண்ணெண்ணெய்த் துணி எடுத்துத் துடைத்தாள். கீல் பக்கம் கை எட்டாத உள்மூலையில் நான்கு பொட்டு மட்டும் தப்பியது.

மறுநாள் கீரனூரிலிருந்து மெக்கானிக் ஆண்டியப்பன் ஒரு பேட்டரியோடு வந்து வண்டியை உயிர்ப்பித்து ஓட்டிக்கொண்டு போனார். அறுபது வயதுக்காரர். ஒரு கேள்விக்குப் பதில் வரும்வரை அடுத்த கேள்வி கேட்கமாட்டார்.

சனிக்கிழமை அவள் பட்டறைக்குப் போனபோது பாதி வேலை முடிந்திருந்தது. நான்கு சக்கரத்துக்கும் பிரேக் ஷூ மாற்றியாயிற்று, வெடித்த ரேடியேட்டர் ஹோஸ் மாற்றியாயிற்று, வெயிலில் காய்ந்துபோன முன் டயர் இரண்டும் புதிது. கழற்றிய பழைய சாமான்களை ஒரு சாக்கில் போட்டு வைத்திருந்தார். மாற்றினேன் என்று வாயால் சொல்லமாட்டார், பழையதைக் கையில் கொடுப்பார். அது அவர் பட்டறை வழக்கம்.

எந்தப் பக்கம் விழுந்தது என்று கேட்டார். வலது என்றாள்.

"அப்ப நல்லதாப் போச்சு தங்கச்சி. அவர் ஏறுற கதவு எடப்பக்கம். நல்ல கையால புடிச்சுக்கிட்டு நல்ல காலால ஏறலாம். கீழ ஒரு படி வச்சு வெல்டு பண்ணிவிடுறேன்."

நல்லதாப் போச்சு என்று இந்த நான்கு மாதத்தில் யாரும் சொல்லவில்லை. அவளுக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம் அது என்று தெரிந்தது.

அப்புறம் ஆண்டியப்பன் டாஷ்போர்டுக்குள் கிடந்த ஒரு திருச்சிப் பட்டறைச் சீட்டைக் காட்டினார். டைமிங் பெல்ட் மாற்றியபோது மீட்டர் எவ்வளவு என்று எழுதியிருந்தது. அதன்படி பார்த்தால், மாற்றிய பிறகு வண்டி ஓடியது அறுபத்திரண்டாயிரம் கிலோமீட்டர். லட்சத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். இன்னும் முப்பத்தெட்டாயிரம் கையில் இருக்கிறது. ஆனால் அதே சீட்டில் புதிதாகப் போட்டதாக எழுதியிருக்கிற கிளட்ச் மிதி ரப்பர் இரும்பு தெரியத் தேய்ந்திருக்கிறது, அறுபதாயிரத்துக்கு இப்படித் தேயாது என்றார். பிறகு மீட்டர் கேபிளின் முனையைத் தூக்கிக் காட்டினார். கழற்றிக் கழற்றி மாட்டியதில் அதன் திருகுமரை மழுங்கிப்போயிருந்தது.

தூரத்து வாடகைக்குப் போகிறவர்கள் கேபிளைக் கழற்றிவிடுவது உண்டு, மீட்டர் குறைவாக இருந்தால்தான் பின்னால் விற்கும்போது விலை போகும் என்று விளக்கினார். அப்படியானால் இந்த மீட்டரும் சீட்டும் செல்லாது.

"சரி, நெசக் கணக்கை அவர் எங்கிட்டாவது வச்சிருப்பாரு," என்றபடி பானட்டை முழுக்கத் தூக்கினார். தப்பிய நான்கு பொட்டையும், பக்கத்தில் மஞ்சளாக இழுபட்டிருந்த கறையையும் பார்த்தார்.

"இதை யாரு தொடச்சது?"

"நான்தாண்ணே. சாமிப் பொட்டு, பழசுன்னு..."

"இது சாமிப் பொட்டு இல்ல தங்கச்சி. ஒரு பொட்டுக்கு அஞ்சாயிரம் கிலோமீட்டர். சேப்பு வச்ச எடம் பெல்ட்டு மாத்துன எடம். அந்தக் காலத்து டிரைவர் பூராம் இப்படித்தான் வைப்பாங்க. பேப்பர்ல எழுதுனா அடுத்தவன் பாப்பான்ல? எத்தனை இருந்துச்சு?"

அவள் எண்ணியிருக்கவில்லை. யாராவது சாமிப் பொட்டை எண்ணுவார்களா?

அந்த பெல்ட் அறுந்தால் ஓட்டத்திலேயே என்ஜின் உடைந்து நின்றுவிடும், மறுபடி எடுக்கமுடியாது என்றார் ஆண்டியப்பன். பிரித்தால்தான் பெல்ட் கண்ணுக்குத் தெரியும், பிரித்த பெல்ட்டைத் திரும்ப மாட்டக்கூடாது. பிரித்து மாற்றுவது என்றால் சாமான் திருச்சியிலிருந்து திங்கட்கிழமைதான் வரும். வண்டி புதன்கிழமைதான் கைக்கு வரும். மாற்றவா, அப்படியே ஓட்டுகிறாயா, நீதான் சொல்லவேண்டும் என்றார். அவள் அங்கேயே நின்று பயிற்சி நிலையத்துக்குப் போன் போட்டாள். திங்கட்கிழமை வராவிட்டால் அந்த நேரம் அடுத்தவருக்குப் போய்விடும், காத்திருக்கிறவர்கள் நிறைய என்று ஒரு பெண் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. பிரகதீஸ்வரிக்கும் இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று ஆண்டியப்பனிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

வீட்டில் அவரிடம் உட்கார்ந்து கேட்டாள்.

"என்னங்க, பெல்ட்டு மாத்துன பெறகு எத்தனை தடவை ஆயில் மாத்துனீங்க? பத்தா?"

"ஆமா."

"இருவதா?"

"ஆமா."

"முப்பதா?"

"ஆமா," என்றார். சொல்லிவிட்டு இடது கையால் கட்டில் சட்டத்தை ஓங்கி அடித்தார். அவர் கண் அவளையே பார்த்தது. வாய் சொல்வது வேறு, கண் சொல்வது வேறு என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? எழுந்து போய் அடுப்பை மூட்டினாள். உலை கொதிக்கும்வரை சும்மா நின்றாள். பிறகு என்ன தோன்றியதோ, சந்தனக் கல்லை எடுத்து உரைத்தாள்.

பெரிய தாம்பாளத்தைக் கவிழ்த்து அவர் மடியில் வைத்து, சந்தனக் கிண்ணத்தை இடது கைப் பக்கம் வைத்தாள். அவர் கிண்ணத்தைப் பார்த்தார், தாம்பாளத்தைப் பார்த்தார். மோதிர விரலைத் தொட்டு ஒரு பொட்டு வைத்தார். பக்கத்தில் ஒன்று. பழக்கமில்லாத கை, சில பொட்டு வழிந்தது. பத்து வந்ததும் வரிசையை மடக்கினார். அடுத்த வரிசையும் பத்து. மூன்றாவது வரிசையில் மூன்று வைத்துவிட்டு விரலைப் போர்வையில் துடைத்தார். பிறகு சாமி மாடத்தைப் பார்த்தார். குங்குமச் சிமிழை எடுத்துக் கொடுத்தாள். எல்லாவற்றுக்கும் முதலில், முதல் பொட்டுக்கு இந்தப் பக்கம், சிவப்பாக ஒன்று வைத்தார்.

பட்டறையில் நடந்ததை அவள் சொல்லக் கேட்டு வந்திருந்த திருப்பதி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கெட்டவன் இல்லை. நல்லது செய்கிறேன் என்று வருகிறவன்.

"புத்தி கலங்குன மனுசன் வச்ச பொட்டை நம்பியா மதினி இஞ்சினைப் பிரிக்கப் போறீக? சீட்டுல எழுத்துல இருக்கு. திங்கக்கெழமையை விட்டா அந்த நேரம் திரும்பக் கெடைக்குமா? கை காலு வர வேணாமா அவருக்கு?"

அவன் கேட்டதில் தப்பு இல்லை. அவள் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள், துடைத்தாள். மறுபடி கொண்டுவந்து அவர் மடியில் கவிழ்த்தாள்.

அடைக்கலம் அவளைப் பார்த்தார். இதற்குத்தான் கழுவினாயா என்று கேட்பதுபோல் இருந்தது. மறுபடி முதலிலிருந்து வைத்தார். பத்து, பத்து, மூன்று. முதலில் சிவப்பு.

இருபத்து மூன்று பொட்டு. லட்சத்துப் பதினைந்தாயிரம். திருப்பதி வாய்க்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினான்.

ஆண்டியப்பனுக்குப் போன் செய்து பிரித்துவிடுங்கள் என்றாள். திங்கட்கிழமை ஆட்டோக்காரரும் வரவில்லை. ஒன்பது மணிக்கு அவள் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மணி என்ன என்று பார்த்தாள். பிறகு அடுத்த துணியை எடுத்தாள்.

புதன்கிழமை மாலை ஆண்டியப்பன் வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை அவளிடம் கொடுத்தார். பழைய பெல்ட். உள்பக்கத்துப் பற்களில் இரண்டைக் காணோம். மற்றதெல்லாம் வேரோடு விரிசல். இன்னும் ஆயிரம் ஓடியிருக்குமா என்பதே சந்தேகம் என்றார்.

அதைக் கொண்டுபோய் அவர் இடது கையில் கொடுத்தாள். கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். பல் இல்லாத இடத்தில் விரல் நின்றது.

"பல்லு போயிருக்கு," என்றாள்.

"ஆமா."

நான்கு மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த சரியான பதில் அது ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

வெளியே ஆண்டியப்பன் கேட்டார், மீட்டர் கேபிளை மாட்டவா, கழற்றியே விடவா என்று.

"மாட்டிவிடுங்கண்ணே. எம்புட்டு ஓடுதுன்னு இனிமே எனக்குத் தெரியணும்."

மண்ணெண்ணெய் இழுத்த கறையின் மேல் யாரும் பூசை போடவில்லை. ஆண்டியப்பனும் திருப்பதியுமாக அடைக்கலத்தைத் தாங்கிக்கொண்டு வந்து பானட்டுக்கு முன்னால் நிறுத்தினார்கள். இடது கையால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார். கோணலாக, ரொம்பக் கீழே விழுந்தது. திருப்பதி நேராக்கப் போனான். விடு என்றாள்.

வியாழக்கிழமை காலை புதுப் படியில் அவர் இடது காலை வைத்தார், இடது கையால் பிடித்தார். வலப்பக்கத்தை அவள் தூக்கிவிட்டாள். மூன்றாம் முயற்சியில் உட்கார்ந்துவிட்டார்.

ரோட்டுக்கு வந்ததும் ஒன்றைக் கவனித்தாள். கியர் மாற்றவேண்டிய இடம் வருமுன்னே பக்கத்து சீட்டில் அவர் இடது கால் தரையை மிதித்தது. அங்கே கிளட்ச் இல்லை, வெறும் ரப்பர் விரிப்புதான். வேகத்தடை வந்தால் மிதித்தது. லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் மிதித்தது. முதலில் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பாதி வழியில், அந்தக் கால் மிதித்ததும் தானும் மிதித்தால் வண்டி உதறாமல் போகிறது என்று தெரிந்துகொண்டாள். அதற்குப் பிறகு ஒரு கண் ரோட்டிலும் ஒரு கண் அந்தக் காலிலும்.

எட்டேமுக்காலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுடைய நேரத்துக்கு வேறொருவர் வந்து உட்கார்ந்திருந்தார். வேண்டுமானால் பதினொன்றரைக்குப் பார்க்கலாம் என்றாள் போனில் பேசிய அதே பெண்.

"தெனமும் பதினொன்றரைதானா?"

"ஏதாவது நேரம் காலியாகுற வரைக்கும்."

"தெனமும் வந்துருவோம்," என்றாள் பிரகதீஸ்வரி.

திரும்பி வந்து வண்டியில் ஏறினாள். மீட்டரில் இருபத்தொரு கிலோமீட்டர் கூடியிருந்தது. பதினொன்றரை ஆகும், அதுவரை எதிரே இருக்கிற மரத்தடியில் வண்டியைப் போட்டுக்கொண்டு இருக்கலாமா என்று அவரைக் கேட்டாள்.

"ஆமா," என்றார்.

சாவியைத் திருகினாள். அவள் மிதிப்பதற்கு முன்னால் அவர் கால் மிதித்தது.